சாபமும் பழியும் கடந்த வரலாறு

சொல்லுக்கு உயிருண்டு என்பது தமிழரின் தொன்மையான நம்பிக்கைகளுள் ஒன்று. பெரியோர் வாழ்த்தினால் குடி தழைக்கும். வயிறெரிந்து ஒருவர் வைதால் அக்குடி வேரோடு சாயும் என்று எண்ணி வாழ்ந்தவர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில், கோவலனையும் கண்ணகியையும் எள்ளி நகையாடிய இருவர் கவுந்தியடிகளின் சாபத்தால் நரிகளாயினர். கோவலன் கொலையுண்டதற்கே, முற்பிறப்பில் கணவனைப் பறிகொடுத்த நீலி என்பாள் இட்ட சாபம் காரணமெனக் கட்டுரை காதை கூறுகின்றது. கலம்பகப் பாடல்களைக் கேட்டு நந்திவர்ம பல்லவன் உயிர் துறந்தான் என்னும் செவிவழிக் கதையும், புலவர் அறம் பாடினால் ஆளே அழிந்துபோவான் என்னும் வழக்கும் இந்நம்பிக்கையின் கிளைகளே ஆகும்.

காப்பியத்தில் சாபம் கதையை நடத்திச் செல்லும் அணியாக நிற்கின்றது. எளியவரின் அன்றாட வாழ்விலோ அது நெஞ்சை அழுத்தும் பாறையாக மாறிவிடுகின்றது. அப்பாறையைப் புரட்டித் தள்ள மக்கள் எடுத்த முயற்சிகள் பல. அவற்றுள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டு ஊர்களில் கிறித்தவ நம்பிக்கையை ஏற்றவர்களின் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. அது சமய வரலாறு மட்டுமன்று. அஞ்சி ஒடுங்கிய ஒரு மக்கள் தொகுதி தலை நிமிர்ந்த வரலாறுமாகும்.

தோட்டப்புறத்தில் கடல் கடந்து வந்த அச்சம்

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, குவாலா கங்சார் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் சுங்கை சிப்புட். இரப்பர் மரங்கள் அடர்ந்திருந்த காலத்தில் அதனைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தமிழகத்துப் பல மாவட்ட மக்களும் வந்து குடியேறினர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியபோது கங்காணி முறையும் முடிவுற்றது. அதுவரை கப்பலேறி வந்தவர்கள் துணிமூட்டையோடு தங்கள் தெய்வங்களையும் கொண்டு வந்தனர். மாரியம்மன் தோட்டத்தின் நடுவே கோயில் கொண்டாள். முனியாண்டியும் மதுரை வீரனும் தோட்டத்து எல்லையில், பெருமரத்தடியில், காவல் நின்றனர். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் வழக்கத்தை அறியாத தோட்டப்புறத்தார் இலர்.

அத்தெய்வங்கள் மக்களுக்குக் காவலும் ஆறுதலும் அளித்தன என்பதை மறுத்தற்கில்லை. பெரட்டுக் களத்தில் வசவு கேட்டு, மரம் சீவி, லயத்துக்குத் திரும்பிய மக்களுக்குத் தம்முடையதென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே இடம் அக்கோயில்தான். ஆயினும் வழிபாட்டின் நிழலிலேயே வேறோர் அச்சமும் வளர்ந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கண்ணேறு என்றனர். நோய் நீடித்தால் செய்வினை என்றனர். சண்டையில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினால், தூற்றப்பட்ட வீட்டார் பல நாள் உறக்கமிழந்தனர். மந்திரவாதிக்குக் கொடுக்கக் கடன் வாங்கினர். இவ்வச்சம் மலாயா மண்ணில் முளைத்ததன்று. அதன் வேர்கள் தாயகத்தில் இருந்தன. அதை அறுக்க நடந்த போராட்டத்தின் வேர்களும் அங்கேயே இருந்தன.

பனங்காட்டுச் சீமை

திருநெல்வேலியின் தென்கிழக்கே பரந்து கிடப்பது தேரி எனப்படும் செம்மணற்காடு. மழை குறைந்த அந்நிலத்தில் பனையை நம்பி வாழ்ந்தவர்கள் நாடார் குலத்து மக்கள். உயர்ந்த கோபுரங்களையுடைய கோயில்களுக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு அந்நாளில் இல்லை. ஆதலின் அவர்களது வழிபாடு சுடலைமாடன், இசக்கி, பத்திரகாளி முதலிய தெய்வங்களைச் சுற்றியே அமைந்தது. வில்லுப்பாட்டு முழங்க, சாமியாடி ஆவேசம் கொண்டு குறி சொல்லும் கொடை விழாக்கள் அவ்வழிபாட்டின் உயிர்நாடியாக விளங்கின.

அகால மரணம் அடைந்தவரெல்லாம் பேயாகித் திரிவர் என்னும் நம்பிக்கை அங்கு வலுவாக இருந்தது. 1809இல் திருவாங்கூர்க் காவலரணைத் தாக்கியபோது படுகாயமுற்று இறந்த ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவன், ஒரு மணல்வெளியில் புதைக்கப்பட்டான். சில ஆண்டுகளில் அவனும் வழிபாட்டுக்குரிய பேயானான். அவன் ஆவிக்கு மதுவும் சுருட்டும் படைக்கப்பட்டதைக் கால்டுவெல் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். சுங்கை சிப்புட் தோட்டத்து மரத்தடியையும் தேரிக்காட்டு மணல்மேட்டையும் ஒரே படையல் இணைப்பது வியப்புக்குரியது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வாந்திபேதியும் அம்மையும் வந்தால் மருத்துவம் இல்லை. வரி கட்டத் தவறினால் முறையிட இடமில்லை. காரணம் தெரியாத துன்பத்துக்கு ஏதேனும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டால்தான் மனித மனம் அமைதி பெறும். ஆகவே துன்பம் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் சாபமும் ஏதோ ஒரு பேயின் சினமும் காரணமாக்கப்பட்டன. அதிகாரமற்ற ஏழைக்கும் சாபம் ஒன்றே படைக்கலமாக இருந்தது. அடித்தவனைத் திருப்பி அடிக்க இயலாதவன் அவனைச் சபித்தான். இங்ஙனம் ஒருவரை ஒருவர் அஞ்சும் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

முதலூர்

திருநெல்வேலியில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கமே பழிச்சொல்லுக்கு ஆளான ஒரு பெண்ணோடு தொடர்புடையது. தஞ்சையைச் சேர்ந்த அந்தணக் கைம்பெண் ஒருவர் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்து வந்தார். சொந்தக் குலமும் அவரைத் தள்ளியது. சபையும் முதலில் அவரை ஏற்கவில்லை. அவ்வதிகாரி இறந்த பின்னர், 1778இல், சுவார்ட்சு ஐயர் அவருக்குத் திருமுழுக்களித்துக் கிளாரிந்தா எனப் பெயரிட்டார். ஊரார் தூற்றிய அப்பெண்மணியின் முயற்சியால் 1785இல் பாளையங்கோட்டையில் கற்கோயில் எழுந்தது. இகழப்பட்டவர் ஒருவரே அடித்தளம் இட்டார் என்பது பின்வந்த வரலாற்றுக்கு முன்னறிவிப்புப் போல் அமைந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் நாடார் குலத்துச் சுந்தரம் என்னும் இளைஞர். திருமுழுக்குப் பெற்றுச் சுந்தரானந்தம் தாவீது ஆன இவர், தம் சுற்றத்தாரிடையே புதிய நம்பிக்கையைப் பரப்பினார். ஏற்றவர்கள் சொந்த ஊரில் வாழ இயலவில்லை. கொடைக்கு வரி கொடுக்க மறுத்தவர்களால் தெய்வம் சினங்கொள்ளும், ஊர் அழியும் என்று மற்றையோர் அஞ்சினர். எனவே 1799இல் தனியே நிலம் வாங்கப்பட்டு ஒரு சிற்றூர் அமைக்கப்பட்டது. கிறித்தவர்களின் முதல் ஊர் என்னும் பொருளில் அது முதலூர் எனப்பட்டது. வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட ஆண்டும் அதுவே. நாடே கலங்கிய அந்நாளில், பேய்க்கோயில் இல்லாத ஊர் ஒன்றைப் படைக்கச் சிறு கூட்டத்தார் துணிந்தனர்.

அத்துணிவுக்கு அடிப்படையாக இருந்த கருத்து எளிமையானது. ஆவிகள் அனைத்துக்கும் மேலான ஒரே கடவுள் உண்டு. அவர் அன்பே வடிவானவர். ஆதலின் அவர் பிள்ளைகள் பிற ஆற்றல்களுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மனிதர்மேல் இருந்த சாபத்தைக் கிறித்து தம்மேல் ஏற்றுச் சிலுவையில் தீர்த்துவிட்டார் என்பது கலாத்தியருக்குப் பவுலடிகள் வரைந்த திருமுகத்தின் சாரம். காரணமின்றி இடப்படும் சாபம் எவர்மேலும் வந்து தங்காது என்பது பழைய ஏற்பாட்டு நீதிமொழிகளின் கருத்து. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேற்றிய புதிய ஏற்பாடும், அதன் வழிவந்த பதிப்புகளும் இக்கருத்துகளைத் தமிழிலேயே மக்கள் கையில் கொண்டு சேர்த்தன.

அச்சம் திரும்பிய காலம்

கருத்தை ஏற்பது ஒன்று. அதில் நிலைத்து நிற்பது வேறொன்று. 1802ஐ அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் 1811ஐ ஒட்டி அச்சீமையில் கொடிய கொள்ளைநோய் பரவியது. மக்கள் மடிந்தனர். கைவிட்ட தெய்வங்களின் சினமே இதற்குக் காரணம் என்னும் பேச்சு எழுந்தது. பலர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர். அறிவு ஏற்காததை அச்சம் ஏற்க வைத்துவிடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. அவர்களைக் கோழைகள் எனக் குறைகூறுதல் எளிது. பிள்ளையைப் புதைத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாயின் மனநிலையை எண்ணுவோர் அங்ஙனம் கூறார்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு ஐயர் இவ்வுண்மையை உணர்ந்தவர் எனலாம். தனித்து நிற்பவனை அச்சம் விழுங்கிவிடும். கூடி நிற்பவர்களை அஃது எளிதில் அணுகாது. ஆகவே அவர் ஊர்தோறும் செபக்கூடமும் பள்ளியும் அமைத்தார். 1830இல் தரும சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, துன்புறுத்தப்பட்ட மக்கள் குடியேற நிலம் வாங்கினார். டோனாவூர், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத்து என்று ஊர்கள் பெருகின. மாலைதோறும் மணியடித்ததும் மக்கள் கூடினர். எழுத்தறிந்தவர் படிக்க மற்றவர் கேட்டனர். பெண் குழந்தைகளும் பலகையில் அகரம் எழுதினர். முன்பு பேய் உலவும் இடமென்று இருட்டில் எவரும் கடவாத வெளியில், வேதநாயகம் சாத்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடியவாறு மக்கள் நடந்து சென்றனர். நம்பிக்கை, கூட்டுறவு, கல்வி, நிலம் ஆகிய நான்கும் சேர்ந்தபோதே அச்சம் பின்வாங்கியது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1840களில் விபூதி சங்கம் என்னும் அமைப்பு தோன்றியது. 1845இல் நல்லூர்ப் பகுதியில் கிறித்தவ ஊர்கள் தாக்கப்பட்டன. முன்னோர் நெறி அழிந்துபடுமோ என்னும் அச்சம் அச்சங்கத்தாரை இயக்கியது. ஒருவர் அச்சத்திலிருந்து விடுபடும்போது மற்றொருவர் அச்சம் கொள்வது வரலாற்றில் அடிக்கடி காணும் உண்மை.

நண்பர் எழுதிய பழி

பேயின் அச்சம் நீங்கியவர்களுக்கு அடுத்து வந்த சோதனை ஒரு நூலின் வடிவில் வந்தது. அதனை எழுதியவர் பகைவர் அல்லர். இடையன்குடியில் 1841 முதல் அம்மக்களிடையே வாழ்ந்து, அவர்களுக்காகப் பள்ளியும் கோயிலும் கட்டிய கால்டுவெல் ஐயரே. 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து மக்களின் உதவியைப் பெறுவதற்காக எழுதப்பட்ட அந்நூலில், இம்மக்கள் இலங்கையிலிருந்து வந்தேறியவர்கள் என்றும், அறிவில் மந்தமானவர்கள் என்றும், பேய் வழிபாட்டிலேயே ஊறியவர்கள் என்றும் எழுதினார்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழின் தனித்தன்மையை உலகுக்கு எடுத்துரைத்தவரும் அவரே. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. 1968இல் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தபோது கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை நிறுவப்பட்டது. தமிழ் ஆசிரியர்கள் நன்றியோடு போற்றும் பேரறிஞர் அவர். அவரது எழுதுகோலிலிருந்துதான் இப்பழியும் பிறந்தது. பெரியோர் செய்த தொண்டும் அவர் இழைத்த தவறும் ஒரே ஏட்டில் இடம்பெறக் கூடும் என்பதை வரலாற்றைக் கற்போர் மறத்தலாகாது.

அப்பழியை எதிர்த்து நின்றவர் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை. சாயர்புரத்தில் பயின்று, நாசரேத்துப் பகுதியில் உபதேசியாராகப் பணியாற்றிய இவர், மேலாளராக இருந்த ஐரோப்பிய ஊழியரோடு முரண்பட்டுப் பணியை இழந்தார். எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். திருமறையின் மூலமொழிகளை அறிந்தவுடன், அதனை எடுத்துரைக்க ஐரோப்பியரின் இசைவு தேவையில்லை என்று உணர்ந்தார். 1857இல் முக்குப்பேறியை அடுத்த பிரகாசபுரத்தில் தனிச்சபை ஒன்றைத் தொடங்கினார். இந்துக் கிறித்தவ சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அது பெயர் பெற்றது. சனிக்கிழமையே ஓய்வுநாள், தரையில் அமர்ந்து வழிபாடு, தூபமும் எக்காளமும் உண்டு. ஐரோப்பிய வழக்கங்களை ஒதுக்கிப் பழைய ஏற்பாட்டு முறைகளை அச்சபை மேற்கொண்டது.

இங்கு எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. பழிக்கப்பட்டதனால் சட்டாம்பிள்ளை கிறித்துவைக் கைவிடவில்லை. பழித்தவரின் ஆட்சியை மட்டுமே கைவிட்டார். கடவுள் முன் மதிப்புப் பெற்ற மனிதனை வேறொரு மனிதனின் நூல் தாழ்த்திவிட முடியாது என்னும் உறுதி அவரிடம் இருந்தது. 1880களில் நாடார் கிறித்தவர்கள் பலர் கால்டுவெல்லின் கூற்றுகளை எதிர்த்து விண்ணப்பங்கள் வரைந்தனர். எழுத்தால் வந்த இழிவை எழுத்தாலேயே எதிர்த்தனர். இரண்டு தலைமுறைக்கு முன் சாபச்சொல்லைக் கேட்டு நடுங்கியவர்களின் பேரர்கள் பேராயரின் நூலையே வாதுக்கு அழைத்தனர். அவர்களை மந்தமானவர் என்று எழுதிய கூற்றுக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேறில்லை. எனினும், மறுப்பு எழுதியவர்களுள் சிலர் தம் குலமே உயர்ந்த அரச குலம் என்று நிறுவ முனைந்தபோது, இழிவை நீக்கப் புகுந்த முயற்சி பெருமிதத்தில் போய் முடிந்ததையும் மறைத்தற்கில்லை.

மேலாடையும் காப்பியமும்

அண்டை நாடாகிய திருவாங்கூரில் பழி உடையின்மேல் வந்தது. நாடார் மகளிர் மார்பை மறைத்தல் கூடாது என்பது அங்கு வழக்கம். கிறித்தவ மகளிர் குப்பாயம் அணியத் தொடங்கியபோது 1820களில் கலகம் மூண்டது. தெருவில் அவர்கள் ஆடை கிழிக்கப்பட்டது. 1858இல் மீண்டும் கலவரம் வெடித்தது. 1859 சூலை 26ஆம் நாள், நாடார் மகளிர் அனைவரும் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது. மேற்குலத்தார் அணியும் முறையில் மட்டும் அணிதல் கூடாது என்றது. ஊர் ஏசுமே என்னும் அச்சத்தை விட்டவர்கள் படைத்தலைவர்கள் அல்லர். சந்தைக்குக் கருப்புக்கட்டி சுமந்து சென்ற எளிய பெண்கள்.

இலக்கிய உலகிலும் இவ்வரலாறு தடம் பதித்தது. வைணவ வேளாளர் குடியில் 1827இல் பிறந்த கிருட்டிணபிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இல் திருமுழுக்குப் பெற்றார். இராமாயணத்தில் தோய்ந்த புலவர் ஒருவர் மதம் மாறியது அந்நாளில் எளிய செய்தியன்று. 1894இல் அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலத்தில் பனியன் எழுதிய உருவகக் கதையைத் தழுவியது. சுற்றத்தார் எள்ளி நகைக்க வீட்டை விட்டுப் புறப்படும் பயணி, இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கையும் பொய்ச்சான்று கூறும் நகரத்தையும் கடந்து செல்வதே அதன் கதை. சாபத்தின் அச்சத்துக்கு இருட்பள்ளத்தாக்கும், பழியின் அச்சத்துக்குப் பொய்ச்சான்று நகரமும் உருவகமாகக் கொள்ளத்தக்கவை. விருத்தப்பாவில் கம்பனின் நடையைக் கைக்கொண்டு இக்கதையைப் பாடியதால், புதிய நம்பிக்கை தமிழுக்கு அயலானதன்று என்று கிருட்டிணபிள்ளை நிலைநாட்டினார்.

சுங்கை சிப்புட்டில் வேறோர் அச்சம்

பேராக் மாநிலத்திலும் தமிழ்க் கிறித்தவரின் தடங்கள் பழையவை. பாகான் செராயில் 1880களில் ஃபே சுவாமியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். நிலமும் கோயிலும் பள்ளியும் ஒருங்கே அமைந்த அக்குடியிருப்பு, திருநெல்வேலி ஊர்களை நினைவூட்டுவது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டு புதிய அச்சங்களைக் கொண்டு வந்தது. 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டை அடுத்த இரு தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்து வருபவருக்கும் அஞ்சி, காவற்படைக்கும் அஞ்சி, தோட்டத் தொழிலாளர் இரு தீக்கிடையே வாழ்ந்தனர். எவரோ ஒருவர் சொல்லும் பொய்க்குற்றம் ஒரு குடும்பத்தையே அழிக்கக் கூடிய காலம் அது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையும் வீடும் போய்விடுமோ என்னும் அச்சம் பரவியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டங்களை வாங்க முனைந்ததன் காரணம் இவ்வச்சமே. அவர் இந்து சமயத்தவர். அவருடைய வழி கூட்டுறவு இயக்கத்தின் வழி. ஆயினும் 1830இன் தரும சங்கமும் 1960இன் கூட்டுறவுச் சங்கமும் ஓர் உண்மையை உணர்ந்திருந்தன. காலூன்ற நிலமில்லாதவனிடம் அஞ்சாதே என்று கூறுவது வெறும் உபதேசமாகவே நின்றுவிடும் என்பதே அவ்வுண்மை.

அஞ்சாமை எந்த ஒரு சமயத்துக்கும் தனியுடைமை அன்று. பல்லவ மன்னன் முன் அஞ்சாது நின்ற திருநாவுக்கரசரும் தமிழ் மரபின் செல்வமே. உயர்ந்த கோயில்கள் கதவடைத்த மக்களுக்கு அவ்வஞ்சாமை கிறித்தவத்தின் வழியே வந்து சேர்ந்தது என்பதே திருநெல்வேலி வரலாறு காட்டும் செய்தி.

இவ்வரலாற்றில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. பேயின் மீதுள்ள அச்சம் பெருமளவு குறைந்துவிட்டது. மனிதர் சொல்லின் மீதுள்ள அச்சம் குறையவில்லை. மந்தமானவர்கள் என்று ஒரு நூல் ஒரு குலத்தையே முத்திரையிட்டது. தோட்டப்புறத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று வகுப்பறையில் எறியப்படும் சொல்லும் அதே இனத்தைச் சேர்ந்தது. மண்ணை வாரித் தூற்றிய சாபம் மழையோடு கரைந்துபோயிருக்கும். மதிப்புக்குரியவர் வாயிலிருந்து வரும் இழிசொல்லோ ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுதும் தங்கிவிடக் கூடும். சட்டாம்பிள்ளைக்கு எபிரேயம் கற்கும் துணிவு இருந்தது. பிரகாசபுரத்தில் அவரோடு நிற்க ஒரு கூட்டம் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்பு அமைவதில்லை. அத்தகைய பிள்ளைக்கு, உன்மீது எச்சாபமும் இல்லை என்று உறுதி கூறும் முதற்குரல் ஆசிரியரின் குரலாக இருத்தல் வேண்டும்.